மாமா கொடுத்த கார்பன் வீல்

மாமா வீட்டு பாம் ஷெல்டரில் (சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் போர்ப் பாதுகாப்புக்கென்று கட்டி, சாமான் போட்டு வைக்கிற அறை), தீபாவளி விளக்குச்சரப் பெட்டிக்கும் ஓடாத மேசை விசிறிக்கும் பின்னால், கறுப்புப் பையில் சுற்றி இரண்டு வீல் கிடந்தன. மாமா சைக்கிளை விட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. முழங்கால்தான் காரணம். டாக்டர் நீச்சலுக்குப் போகச் சொன்னார், அதற்கும் போகவில்லை, அது வேறு கதை. 2010-ல் வாங்கிய ஜோடி அது, டயர் உட்காரும் வளையமான ரிம் முழுக்கக் கார்பன் நார், அதன் ஆழம் 50 மில்லிமீட்டர், அந்தக் காலத்திலேயே 3,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். அத்தைக்கு இன்றுவரை அதன் விலை 800 வெள்ளி என்றுதான் தெரியும்.

"எடுத்துட்டுப் போடா, சும்மாதான கெடக்கு" என்றார்.

எனக்குக் கசக்குமா? என் சைக்கிளும் பழசு, ரிம்மைப் பிடிக்கிற பிரேக். இப்போது கடைகளில் பெரும்பாலும் வீலின் நடுவில் இருக்கும் தட்டைப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் சைக்கிள்தான், அதில் இந்த வீல் ஏறாது. அதனால்தான் ஒரு காலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்ற வீல்கள் எல்லாம் இப்போது பழைய பொருள் விற்கும் ஆப்களில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஓட்டினேன், அப்புறம்தான் சோதித்துப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு பிடோக்கில் இருந்து கிளம்பி சாங்கி கடற்கரைச் சாலைப் பக்கம் போனேன். ஆழமான கார்பன் ரிம் ஓடும்போது ஒரு சத்தம் வரும், தூரத்தில் எம்ஆர்டி ரயில் வருகிற மாதிரி ஒரு 'ஹூம்', அதைக் கேட்டாலே கால் தானாக வேகம் பிடிக்கும். சுகமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மேற்கே வானம் மை பூசின மாதிரி கறுத்தது. விடியற்காலையில் சுமத்ராவில் இருந்து ஓடி வருமே அந்தக் காற்றுமழை, இங்கே அதிகாலையில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் அது பழக்கம். ஐந்து நிமிஷத்தில் சாலை முழுக்கத் தண்ணீர். முன்னால் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது, பிரேக்கை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை! இன்னும் அழுத்தினேன், வீல் பாட்டுக்கு உருண்டது, இரண்டு மூன்று சுற்று சுற்றி ரிம்மில் இருந்த தண்ணீர் வழிந்த பிறகு திடீரென்று பிடித்தது, அதற்குள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடுச்சாலைக்குப் பாதி வந்துவிட்டேன். இடது பக்கமிருந்து வந்த பேருந்து ஓட்டுநர் ஹாரன் கூட அடிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும்.

தப்பு வீலின் மேல் மட்டும் இல்லை. என் பழைய அலுமினிய வீலுக்குப் போட்டிருந்த பிரேக் கட்டைகளை அப்படியே விட்டுவிட்டு வீலை மட்டும் மாற்றியிருந்தேன். கார்பன் ரிம்முக்கு அதற்கென்று செய்த கட்டைதான் போட வேண்டும். சாதாரண ரப்பர் கட்டை மழையில் பிடிக்காது, வெயிலில் ரிம்மை அதிகமாகச் சூடாக்கும். போதாததற்கு, அலுமினிய ரிம்மில் தேய்ந்த கட்டைக்குள் பொடிப் பொடியாக உலோகத் துகள் புதைந்திருக்கும். வீட்டுக்கு வந்து கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், கட்டை முகமெல்லாம் வெள்ளி மினுமினுப்பு. அதை வைத்துத்தான் மாமாவின் கார்பனை ஐம்பது கிலோமீட்டர் உரசிக்கொண்டு போயிருக்கிறேன். ரிம்மில் ஆள்காட்டி விரலை ஓட்டினால் மெல்லிய கோடுகள் தட்டுப்பட்டன. பட்டணத்துப் பிள்ளைக்குக் கரும்பு வெட்ட அரிவாள் கொடுத்த கதை!

இன்னொன்றும் கேட்டது. பின் வீலைச் சுற்றிவிட்டால் உள்ளே 'கிலுக் கிலுக்' என்று குழந்தைக் கிலுகிலுப்பை மாதிரி ஏதோ உருண்டது. வீல் லேசாகக் கோணியும் இருந்தது. டயரைக் கழற்றி, ரிம்முக்குள் ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன். உரிக்க உரிக்க வெள்ளைப் பொடி கொட்டியது. தரையில் விரித்திருந்த 'தமிழ் முரசு' மேல் ஒரு சிட்டிகை சேர்ந்தது, யாராவது பார்த்தால் விபூதி என்று எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார்கள்.

அது அலுமினியம் அரித்த பொடி. ஸ்போக் கம்பியை ரிம்மோடு இழுத்துப் பிடிக்கிற சின்னச் சின்ன நிப்பிள்களை எடை குறைவாக இருக்கட்டும் என்று அலுமினியத்தில் போட்டிருந்தார்கள். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்குள் நடக்கிற அதே வேலை அங்கே நடக்கும், அதில் தின்னப்படுவது அலுமினியம். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர்க் கடற்காற்று, மழை, இந்தப் புழுக்கம், போதாக்குறைக்கு ஈஸ்ட் கோஸ்ட் ஓரமாகவே பத்து வருஷம் ஓட்டிய மாமா. நிப்பிள் எல்லாம் ரிம்முக்குள்ளே ஒளிந்திருக்கிற மாதிரி வீல் என்பதால் வெளியே இருந்து பார்த்தால் பளபளப்பாக இருந்தது. உள்ளே ஒரு நிப்பிளின் தலை உடைந்து உருண்டுகொண்டிருந்தது. இன்னும் நான்கைந்து, கைவிரலால் அழுத்தினாலே உதிரும் நிலை.

பழைய கார்பன் வீல் பற்றிக் கேட்டால் எல்லோரும் கார்பனைப் பற்றியே பேசுகிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஒரு அண்ணன் "கார்பனுக்குச் சாவே கிடையாது தம்பி" என்றார், இன்னொருவர் "பதினைந்து வருஷமா? முன்பல் பத்திரம்" என்றார். இரண்டுமே பாதி உண்மைதான். அலுமினியம் ஓட ஓடச் சோர்ந்து ஒரு நாள் விரிசல் விடும், கார்பன் நார் அப்படிச் சோர்கிற ரகம் இல்லை. வயசு அதைக் கொல்வதில்லை. அதைக் கொல்வது அடி, அப்புறம் சூடு. நார்களை ஒட்டி வைத்திருக்கிற பசை ஒரு அளவுக்கு மேல் சூடானால் இளகும். டயரின் காற்றழுத்தம் ரிம் சுவரை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, பசை இளகினால் சுவர் புடைக்கும், புடைத்தால் டயர் பிய்த்துக்கொண்டு வரும். 2010 வாக்கில் வந்த வீல்களில் இந்தத் தொல்லை அதிகம், பிறகு பசைகள் நன்றாகவே முன்னேறின.

சிங்கப்பூரில் அப்படிச் சூடாக்க முடியுமா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. ஃபேபர் மலை இறக்கம் ஒரு 80 மீட்டர் என்று வைத்தால், பிரேக் முழுவதையும் தாங்கினால் கூட 63 கிலோஜூல் வருகிறது, ஒரு கோப்பைத் தண்ணீரைத் தேநீர் போடும் அளவுக்குக் கொதிக்க வைக்கலாம். நம் நாட்டின் உச்சியான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். ஆனால் மலேசியாவின் கெந்திங் மலையில் இருந்து 1,000 மீட்டர் இறங்கினால் 785 கிலோஜூல், அதாவது இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிக்கிற சூடு. காற்று தடுப்பதில் ஒரு பங்கு போகும் என்றாலும், வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிற என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு மீதி எல்லாம் ரிம்மில்தான் இறங்கும். அலுமினியமாக இருந்தால் சூட்டைச் சுற்றிலும் பரப்பிவிடும், கார்பன் தேய்த்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். ஆக, ஊருக்குள் சூட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஜூன் விடுமுறையில் குழு கெந்திங் போகிறது, அதற்கு இந்த வீல் வராது. "அலுமினியத்துல வந்தா மானம் போயிடும்" என்று ஒருவர் கிண்டல் செய்தார். போகட்டும்.

(கார்பன் ஸ்போக் உள்ள பழைய வீல் கிடைத்தால் எனக்கு அதைத் தொடவே தைரியம் வராது. மாவிக் நிறுவனம் 2009-ல் ஆர்-சிஸ் முன் வீல்களைத் திரும்பப் பெற்றது, ஸ்போக் உடைகிறது என்பதால். அப்படித் திரும்பப் பெறாமல் தப்பிய ஒன்று யார் வீட்டு அலமாரியிலாவது இருக்கலாம்.)

சரி, பின் வீலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து புளோக் கீழே இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீன அங்கிள் 24 நிப்பிளையும் பித்தளைக்கு மாற்றி, வீலைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். பித்தளை இந்த அளவுக்கு அரிக்காது, முழு வீலுக்கும் 20 கிராம்கூடக் கூடாது. காலையில் ஒரு பராட்டாவைக் குறைத்தால் சரியாகிவிடும். கட்டி முடித்துவிட்டு, முன் வீல் எங்காவது அடிபட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"விழுந்தீங்களா மாமா, எங்கயாச்சும்?"

"நானா? ஒரு நாளும் விழல."

"குழி, கிழி?"

"சிங்கப்பூர்ல ஏதுடா குழி." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஒரு தடவ தெம்பனிஸ் பக்கம் சாக்கடை மூடி ஒண்ணு எடுப்பா நின்னுச்சு. டியூப் வெடிச்சுது. மாத்திட்டு வந்துட்டேன், அவ்ளோதான்."

"முன்னாடி வீலா?"

"ஆமா போல."

நூற்றிருபது பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்த 23 மில்லிமீட்டர் டயர் முழுசாக நசுங்கி டியூப் வெடித்தது என்றால், அந்த அடி நேராக ரிம்மில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் மாமா 'அவ்ளோதான்' என்கிறார். பழைய வீல் வாங்குகிறவர்கள் 'விழுந்ததுண்டா' என்று கேட்காதீர்கள், யாரும் விழுந்ததாகச் சொல்ல மாட்டார்கள். 'டியூப் எப்போதெல்லாம் வெடித்தது' என்று கேளுங்கள், அது பெருமைக் கதை மாதிரி வெளியே வரும். 'மழையில் எடுத்ததே இல்லை' என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம், அது பழைய கார் விற்கிறவர் 'டாக்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டியது' என்று சொல்கிற கதைதான்.

பொங்கலுக்குப் பானை வாங்க கேம்பல் லேனுக்குப் போனால் அம்மா ஒவ்வொரு பானையையும் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாள். கணீர் என்றால் பைக்குள், மொத்தென்றால் திரும்பக் கூடைக்குள். ஒரு டாலர் நாணயத்தை எடுத்து அதே வேலையை முன் வீலில் செய்தேன். வால்வில் இருந்து ஆரம்பித்து விரல் அகலம் விரல் அகலமாக, டக், டக், டக். வால்வு பக்கத்தில் கொஞ்சம் மாறித்தான் கேட்கும், அங்கே உள்ளே தடிப்பு அதிகம். எதிர்ப் பக்கம் ஓரிடத்தில் டக் போய் 'தொப்' என்று கேட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி தொப். மனைவியைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லி முழுச் சுற்றும் தட்டினேன், அதே இடத்தில் "இதோ" என்றாள். டேப்பை உரித்து டயர் உட்காரும் உள்விளிம்பில் நகத்தை ஓட்டினேன். நகம் மாட்டியது. கண்ணுக்குத் தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு கோடு, துடைத்தால் போகாத கோடு.

இந்தத் தட்டுகிற சோதனை எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது. தொப் என்று கேட்டால் சந்தேகப்படலாம், எல்லா இடமும் டக் என்றாலும் வீல் நல்லது என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் முன் வீல் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே போதும். பின் வீல் போனால் வால் ஆடும், சமாளித்து நிறுத்தப் பார்க்கலாம். முன் வீல் போனால் அந்த நொடியே முகம் தரையில்.

குப்பைத் தொட்டி பக்கம் வைத்தால் அரை மணி நேரத்தில் யாராவது தூக்கிக்கொண்டு போய் மாட்டிவிடுவார்கள். அதனால் முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, துணி காயப்போடுகிற சர்வீஸ் யார்டில் வைத்து ஹேக்சா ரம்பத்தால் அறுத்தேன். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தொப் என்று கேட்ட இடத்திலேயே அறுத்தேன், ஆர்வம்தான். வெட்டு முகத்தில் மற்ற இடமெல்லாம் கறுப்பு மெழுகு மாதிரி ஒன்றாக இருந்தது, அந்த ஒரு அங்குலத்தில் மட்டும் வாழைப்பட்டை காய்ந்து பிரிகிற மாதிரி அடுக்கு அடுக்காக விலகி நின்றது.

அடுத்த வாரம் மாமா சாப்பிட வந்தபோது அந்தத் துண்டைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், அடுக்குக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தார். இத்தனை வருஷம் இதன் மேலா போனோம் என்று நினைத்திருக்கலாம், சொல்லவில்லை. அத்தை சமையலறையில் இருக்கிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை என்னிடம் நீட்டினார்.

"பின்னாடி வீலையும் அறுத்துப் பாத்தியா?"

"இல்ல மாமா."

"பின்ன எப்படி அது நல்லா இருக்குன்னு சொல்ற?"

பதில் வரவில்லை எனக்கு. முன்னால் அலுமினியம், பின்னால் மாமாவின் கார்பன், புதுக் கட்டைகள் எல்லாம் மாட்டி சைக்கிள் வாசலில்தான் நின்றது. நேற்றுக் காலை அதில்தான் சாங்கி வரை போய் வந்தேன், அந்த 'ஹூம்' இப்போது பின்னால் இருந்து மட்டும் கேட்கிறது.