ஒரு புள்ளி, இரண்டு கணக்கு

போன மாதம் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்குப் புள்ளி வரி வாங்க வந்திருந்தார்கள். கோட்டையூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துப் பெயர் பெயராகப் படித்தார்கள். நகரத்தாரான எங்களில் வரிக் கணக்குக்கு ஒரு தலைக்கட்டு என்பதுதான் புள்ளி, கல்யாணம் ஆனால்தான் புள்ளி. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒன்று, நோட்டில் இருப்பது ஆண் பெயர். சித்தப்பா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஓட்டும் இப்படித்தான் ஆத்தா இருந்திருக்கணும். வீட்டுக்கு ஒண்ணு. எதுக்கு ரெண்டு பேரும் போயி ஒரே சின்னத்துல குத்திட்டு வர்றது?"

தன் சொந்த யோசனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இருநூறு வருஷப் பழசு அது. பெண்களின் நலன் தகப்பன் நலனிலோ கணவன் நலனிலோ அடங்கிவிடுகிறது, தனி ஓட்டு தேவையில்லை என்று 1820-லேயே லண்டனில் ஜேம்ஸ் மில் எழுதிவிட்டார். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல் இந்திய வரலாறு எழுதிய அதே மனிதர்தான். அவர் பெண்களையும் கேட்டிருக்க மாட்டார். வேடிக்கை என்னவென்றால், 1867-இல் தேர்தல் சட்ட வரைவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொன்னவர் அவருடைய மகன் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றுப் போனார்.

அப்புறம் கர்சன். வைஸ்ராய் வேலை முடிந்து ஊருக்குப் போனவர், பெண்களுக்கு ஓட்டு கூடாது என்ற சங்கத்துக்கே தலைவரானார். அவர் அடுக்கிய பதினைந்து காரணங்களில் கடைசிக் காரணம் நாம்தான்! பிரிட்டனில் பெண்கள் ஓட்டுப் போட்டால் இந்தியாவில் தப்பாக எடுத்துக்கொள்வார்களாம், ஆட்சி பலவீனமாகிவிடுமாம்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய அந்த இந்தியாவில் என்ன நடந்தது? 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் சென்னையில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைப் பார்த்து ஓட்டு கேட்டார்கள். அடுத்து, யாருக்கு ஓட்டு என்று ஆராய வந்த சவுத்பரோ கமிட்டி, பெண்கள் திரைமறைவில் இருக்கும் கோஷா வழக்கத்தைக் காட்டி, இன்னும் காலம் வரவில்லை என்றது. முடிவு மாகாணங்களிடம் விடப்பட்டது. 1921-இல் சென்னை சட்டசபை சரி என்றது. சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும்தான், ஆனாலும் கதவு திறந்தது. சில வருஷத்தில் அந்தச் சபைக்குள்ளேயே போய்த் துணைத் தலைவராக உட்கார்ந்த முத்துலட்சுமி ரெட்டி, இங்கே பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர்.

1935-இன் இந்திய அரசுச் சட்டம் சொத்துள்ளவரின் மனைவி என்ற தகுதியிலும் ஓட்டு கொடுத்தது. பெண்கள் அமைப்புகள் அந்தத் தகுதி வேண்டாம், வயது வந்த எல்லாருக்கும் கொடுங்கள் என்று கேட்டிருந்தன. எனக்கு அந்த ரோஷம் பிடிக்கும். மனைவி என்று உள்ளே விட்டால் அதுவும் புள்ளிக் கணக்குதானே.

முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எழுதியபோது நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி' என்றே சொல்லி, பட்டியலில் இடம் இழந்தார்கள். பெரும்பாலும் வடக்கே. எங்கள் அப்பத்தா தன் பெயரைக் கணீரென்று சொன்னாள். வாயில் வராதது அவள் புருஷன், சித்தப்பாவின் அப்பச்சியான எங்கள் ஐயா பெயர்தான். ஐயா அப்போது மலேயாவில், ஈப்போவில். "பழனியில நிக்கிறவரு பேரு" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லியிருக்கிறாள். பழனியில் நிற்பவருக்குப் பெயரா பஞ்சம்? எழுத வந்தவர் தனக்குத் தெரிந்த ஒன்றை எழுதிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாளைக்கு அப்பத்தா வேறு யாருக்கோ மனைவியாகத்தான் ஓட்டுப் போட்டாள். சொல்லும்போதெல்லாம் கண்ணில் தண்ணி வரச் சிரிப்பாள்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்றார். எழுந்துபோய் இரண்டாங்கட்டு அலமாரியிலிருந்து அப்பத்தாவின் பேரேட்டை எடுத்து வந்தேன். சீர்ப் பணமும் சிறுவாடும் அவள் தனியாக வட்டிக்கு விட்டு வாங்கிய கணக்கு. ஐயா கணக்கோடு ஒரு நாளும் கலந்ததில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் பற்று வைத்திருக்கும் ஆளின் பெயர் இல்லை, 'ஈப்போவுக்கு' என்று மட்டும் இருக்கிறது. கீழே மாதா மாதம் வட்டி வரவு.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்பச்சிக்கே வட்டியா? என்ன வட்டி போட்டிருக்கா?"