இன்னும் ஆயிரம் அடி

ஆடி மாதத்தில் கோவைக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பீளமேட்டு ஓடுபாதைக்குத் தென்மேற்கிலிருந்து வீசும். காற்றை எதிர்த்து இறங்க வேண்டுமானால் வடகிழக்கிலிருந்து, அதாவது அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாக வர வேண்டும். இடது பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். கருமத்தம்பட்டியை ஒட்டித்தான் எங்கள் வீடும் தறிக்குடோனும்.

நான் கோ-பைலட் ஆகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து ஒரு மாலை விமானம். அன்று ஓட்டியது நான். இறங்கத் தொடங்கியதே கொஞ்சம் தாமதம், அதனால் நிமிடத்துக்கு 3,000 அடி வீதம் இறக்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அனுமதி 13,000 அடி வரை. கோவையிலிருந்து கிளம்பிய இன்னொரு விமானத்துக்கு 12,000 அடி வரை ஏற அனுமதி. அதையும் அதே அலைவரிசையில்தான் சொன்னார்கள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பக்கத்தில் வரும் விமானங்களைப் பார்த்து மோதல் வராமல் எச்சரிக்கும் கருவிக்கு டீகாஸ் என்று பெயர். அதன் திரையில் வெள்ளை டைமண்டாக இருந்த அந்த விமானத்தின் குறி மஞ்சள் வட்டமாக மாறியது. "டிராஃபிக், டிராஃபிக்" என்றது குரல். கால் நிமிடம்கூட ஆகியிருக்காது, வட்டம் சிவப்புச் சதுரமானது. "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்." இறங்குவதை நிறுத்து என்று அர்த்தம். ஆட்டோபைலட்டை விலக்கி மூக்கைத் தூக்கினேன். ஏறி இறங்கும் வேகம் காட்டும் பட்டையில் பச்சை இருக்கும் இடத்துக்கு முள் வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. கேப்டன் ரேடியோவில் "டீகாஸ் ஆர்.ஏ." என்று மட்டும் சொன்னார், கருவி விலகச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்", ஆபத்து நீங்கியது என்று. பின்னால் யாராவது காபியைச் சிந்தியிருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறை தவறு செய்யவில்லை. நான் 13,000 அடியில் நின்றிருப்பேன், அவர் 12,000 அடியில் நின்றிருப்பார், நடுவே 1,000 அடி சரியாக இருந்திருக்கும். ஆனால் யாருக்கு எவ்வளவு அனுமதி என்பது டீகாஸுக்குத் தெரியாது. ஒருவர் 3,000 அடி வீதம் கீழே வருகிறார், இன்னொருவர் 2,000 அடி வீதம் மேலே வருகிறார், இப்படியே போனால் அரை நிமிடத்தில் ஒரே உயரம். அது பார்ப்பது இதை மட்டும்தான், கத்துகிறது. நிற்கப்போகிறேன் என்பது என் மனதில் இருந்தது. மனதில் இருப்பதை அது எப்படிப் படிக்கும்?

விமானத்தை நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகுதான் கேப்டன் வாய் திறந்தார். கோபிப் பக்கத்துக்காரர்.

"ஏந் தம்பி, வூட்டு வாசல்ல கொண்டாந்து வண்டிய நிறுத்தறப்ப எந்த ஸ்பீடுல வருவ?"

"மெதுவாத்தானுங் சார்."

"அப்புறம் அங்க மட்டும் என்ன?"

அவ்வளவுதான் பேசினார். போக வேண்டிய உயரத்துக்கு இன்னும் ஆயிரம் அடி இருக்கும்போது வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துக்கொள் என்பது எல்லோரும் படிக்கிற பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆர்.ஏ. வந்தால் அறிக்கை எழுதியாக வேண்டும். அன்றிரவு எழுதும்போதுதான் அந்த வரி உறைத்தது.

அந்த ஆயிரம் அடி எவ்வளவு மெல்லியது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 1996 நவம்பர் 12, ஹரியானாவில் சர்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவுதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கி வந்த கசாக் விமானத்துக்கு 15,000 அடி. கசாக் விமானம் 15,000-இல் நிற்காமல் கீழே வந்துவிட்டது. 349 பேரும் போனார்கள். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் இந்தக் கருவி கட்டாயமானது.

கருவி இருந்தும் மோதியது 2002 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் ஊபர்லிங்கனுக்கு மேலே. ரஷ்ய விமானத்தைக் கருவி ஏறச் சொன்னது, தரையிலிருந்தவர் இறங்கச் சொன்னார். இறங்கினார்கள். குறுக்கே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர். கருவி ஒன்றும் தரை ஒன்றும் சொன்னால் கருவி சொல்வதையே கேள் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் கிடையாது. என் கணக்கில், அது வாய் திறக்கும்படி ஆனதே நம் வேலையில் எங்கோ ஓட்டை என்றுதான் அர்த்தம்.

கல்யாண வீடுகளில் கேட்பார்கள், "மேல ரோடே இல்லியே, எப்படீங்க முட்டாம போறீங்க?" கிழக்கே போகிறவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரம் அடி உயரங்கள், மேற்கே போகிறவர்களுக்கு இரட்டைப்படை என்று சொன்னால் திருப்தியாகிவிடுவார்கள். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட்டுகள் நெருங்கும் வேகத்தில் அவிநாசியிலிருந்து கோவைக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. இதைச் சொன்னால் பந்தியில் சாப்பாடு இறங்காது.

உண்மையில் பாதி வேலை காதுக்குத்தான். அப்பாவின் பன்னிரண்டு தறியும் ஓடும்போது நமக்கு ஒரே இரைச்சல். அவர் வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டுக்கொண்டே, "நாலாந் தறி நின்னுபோச்சு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் நின்றிருக்கும். எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ரேடியோவும் அதே மாதிரி இரைச்சல்தான். எனக்கு வராத உத்தரவையும் கேட்டு, யார் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் என்று மனதில் வைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மாலையில் ஒரு தறி ஓடுவதைக் கவனிக்கவில்லை நான்.

இப்போது நான் கேப்டன், இடது இருக்கை. கோவைக்கு இறங்கும்போது சின்னப் பையன்கள் யாராவது ஓட்டுவார்கள். இன்னும் ஆயிரம் அடி என்று அழைப்பு வந்ததும் என் கை தானாக இறங்கும் வேகத்தைக் குறைக்கும் திருகைத் தேடிப் போகும். சில பேர் அதற்கு முன்பே குறைத்திருப்பார்கள். அப்போது நீட்டிய கையை என்ன செய்வது? பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கும், எடுத்து ஒரு வாய் குடித்துக்கொள்வேன்.