நின்றால் தப்பா, நிற்காவிட்டால் தப்பா

டவுன் பஸ் ஓட்டுநர்களுக்கான புத்தாக்கப் பயிற்சியில் 'சாலை மரியாதை' என்று ஒரு பாடம் உண்டு. ஹாரனை அளவோடு அடிப்பது, ஹை பீமைத் தணிப்பது, முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போகாமல் இருப்பது, இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஜீப்ரா கோட்டில் நிறுத்தி வழிவிடுவது பற்றி வந்தபோது ஒரு மூத்த ஓட்டுநர் எழுந்து கேட்டார்:

"சார், நான் நிப்பேன். எனக்கு வலப்பக்கம் வர்றவன் நிப்பானா? நான் நின்னதை நம்பித்தானே அந்தம்மா இறங்குறாங்க?"

பாடத்தில் உள்ள பதிலைச் சொன்னேன். சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் எனக்குத் தெரியும் சார். பைக்காரனுக்குத் தெரியுமான்னுதான் கேக்குறேன்" என்றார்.

வகுப்பு முடிந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அவர் நிற்க மனமில்லாமல் சாக்குச் சொல்லவில்லை. நிற்கிற பழக்கம் உள்ளவர். அதனால்தான் அவருக்கு அந்தப் பயம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயத்தில் நியாயம் இருக்கிறது. பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர், உயரம் மூன்று மீட்டருக்கு மேல். அது இடது தடத்தில் நின்றால் அதன் முன்னால் நடப்பவரை அடுத்த தடத்தில் வருகிறவரால் பார்க்கவே முடியாது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் போல ஒரே திசையில் பல தடங்கள் ஓடும் இடத்தில் பஸ் நிற்பதைப் பார்க்கும் பைக்காரர், யாரோ ஏறுகிறார்கள் இறங்குகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். யாருக்காகவோ வழிவிட்டு நிற்கிறது என்ற நினைப்பே அவருக்கு வராது. வேகத்தைக் குறைக்க அவருக்குக் காரணமே இல்லை.

நடப்பவர் விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் போவார். பஸ்ஸின் வலது ஓரத்தைத் தாண்டி ஒரு மீட்டர் தள்ளி பைக் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் மறைவிலிருந்து வெளியே வந்தவர் அந்த ஒரு மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு விநாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். பைக்காரர் கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்கு வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இதற்காகத்தான் கோட்டை ஒட்டி நிற்கக் கூடாது என்று வகுப்பில் அழுத்திச் சொல்கிறோம். கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் பஸ்ஸை நிறுத்தினால், மறைவிலிருந்து வெளியே வர இன்னும் ஒரு மீட்டர் இருக்கும் நிலையில் நடப்பவரும் அந்தப் பைக்காரரும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிற தூரம் வெறும் 2 மீட்டர். அதே பஸ் 6 மீட்டர் முன்னாலேயே நின்றால் அது 12 மீட்டர் ஆகிவிடும். பலதடச் சாலைகளில் அமெரிக்காவில் வழிவிட்டு நிற்பதற்கான கோட்டையே, நடப்பவர் கடக்கும் கோட்டுக்கு 6 முதல் 15 மீட்டர் முன்னால் போடுவது இந்தக் காரணத்தால்தான். நம் ஊரில் அப்படிக் கோடு அரிது. ஆனால் 6 மீட்டர் விட்டு நிற்க எந்தக் கோடும் தேவையில்லை. ஓட்டுநர் நினைத்தால் போதும்.

இதைப் பலகையில் வரைந்து காட்டியதும் அந்த ஓட்டுநர், "அம்பதுல வர்றவனுக்குப் பன்னெண்டு மீட்டர் எந்த மூலைக்கு சார்?" என்று கேட்டார். சரிதான். அந்த வேகத்தில் பிரேக்கில் கால் வைக்கவே 14 மீட்டர் போய்விடும். அந்தப் பன்னிரண்டு மீட்டர் பைக்காரருக்கு உதவாது. நடப்பவருக்கு உதவும். பைக்காரர் கண்ணுக்கு அவர் தெரிகிறார் என்றால் அவர் கண்ணுக்கும் பைக் தெரிகிறது. நடந்து வருகிறவரால் ஒரே அடியில் நின்றுவிட முடியும். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கொஞ்சம் சமாதானம் தெரிந்தது. எனக்கும்தான். அது எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. பஸ்ஸின் முன்பக்கத்தைத் தாண்டும் இடத்தில் நின்று வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறவருக்குத்தான் அந்த 12 மீட்டர் பயன்படும். தலை குனிந்து ஓடுகிறவருக்கு, கையில் குழந்தையை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு, அது பயன்படாது.

நடப்பவர் அப்படி ஓட ஆரம்பிப்பது பெரும்பாலும் ஓட்டுநர் கை காட்டுவதால்தான். உள்ளே உட்கார்ந்துகொண்டு 'போங்க, போங்க' என்று கையை வீசுவது மரியாதையாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கையைப் பார்த்தவர் சாலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். டிரைவரே சொல்லிவிட்டார் என்று இறங்குகிறார். டிரைவருக்கோ தன் வண்டி மட்டும்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அடுத்த தடம் இல்லை. நின்றுவிடுங்கள், கை காட்டாதீர்கள், எப்போது நடப்பது என்பதை நடப்பவரே முடிவு செய்யட்டும் என்பதுதான் என் நிலை. பின் வரிசையிலிருந்து ஒருவர், "கை காட்டாட்டி அவங்க நகரவே மாட்டாங்க சார், பின்னாடி ஹாரன் கிழியும்" என்றார். அதுவும் உண்மை. மூன்று விநாடி தயங்கி நிற்கிற ஒரு பெரியவருக்கும் பின்னால் அழுகிற ஹாரன்களுக்கும் நடுவில் கை தானாக எழுந்துவிடும்.

கை காட்டத்தான் வேண்டுமென்றால் பின்னால் வருகிறவருக்குக் காட்டுங்கள் என்று சொல்லித் தருகிறேன். வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக மேலும் கீழும் அசைப்பது 'வேகத்தைக் குறை' என்ற பழைய சைகை. லைசென்ஸ் எடுக்கும்போது படித்துவிட்டு மறந்துபோன சைகைதான். பஸ்ஸின் வலப்பக்கம் ஏறி வருகிற பைக்காரருக்கு அது நேராகக் கண்ணில் படும்.

நெடுஞ்சாலையிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. இருவழிச் சாலையில் முன்னால் போகும் லாரிக்காரர் வலது இண்டிகேட்டரைப் போடுகிறார். சிலருக்கு அது 'ஏறிப் போ'. சிலருக்கு 'எதிரே வண்டி வருது, ஏறாதே'. நிஜமாகவே வலப்பக்கம் திரும்புகிறவரும் உண்டு. 50-இல் போகும் லாரியை 60-இல் போகும் பஸ் முந்த, முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி விட்டால், இரண்டு வண்டிகளின் நீளத்தையும் சேர்த்து, 22 விநாடி ஆகும். அதற்குள் பஸ் 360 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். எதிரே 60-இல் ஒரு வண்டி வந்தால் அதுவும் அவ்வளவு தூரம் ஓடியிருக்கும். ஆக முக்கால் கிலோமீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும். லாரிக்காரர் காட்டுவது நல்ல மனதோடுதான். அவர் கண்ணை நம்பி நாம் 22 விநாடி எதிர்த்தடத்தில் இருக்கப் போகிறோம். தப்பாகிப் போனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. நடப்பவருக்கு நாம் கை காட்டும்போது நாம் இருப்பது அந்த லாரிக்காரரின் இடத்தில்.

பொறுமை என்ற பேச்சு வந்ததும் வகுப்பில் சத்தம் கூடிவிட்டது. ஒரு சிங்கிளுக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒரு நடைக்கு, பத்து இடத்தில் 12 விநாடி நின்றால் இரண்டு நிமிஷம். எட்டு சிங்கிளுக்கு 16 நிமிஷம். டீ குடிக்கிற நேரமும் பாத்ரூம் போகிற நேரமும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு நடைக்கு இவ்வளவு நேரம் என்று ரன்னிங் டைமைப் போட்டவர் இந்த 12 விநாடியை எங்கும் சேர்க்கவில்லை. நின்று கிளம்பினால் டீசலும் போகும், கே.எம்.பி.எல். (லிட்டர் டீசலுக்கு ஓடும் கிலோமீட்டர்) குறைந்தால் டெப்போவில் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டுநர்தான். பொறுமை ஒருவருடைய குணத்தைப் பொறுத்தது என்று பேசுவது எளிது. பெரும்பாலும் அது ஷெட்யூலைப் பொறுத்தது. சீக்கிரமே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து உருட்டிக்கொண்டே வந்தால் முழுதாக நிற்க வேண்டிய தடவை குறையும், டீசலும் மிச்சமாகும் என்று நான் சொன்னது சரிதான். ஆனால் அந்த 16 நிமிஷத்துக்கு அது பாதிப் பதில்கூட இல்லை.

பஸ்ஸுக்குள்ளேயும் ஆட்கள் நிற்கிறார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றாது. 40-இல் வரும் பஸ் அழுத்திப் பிடித்தால் 25 மீட்டருக்குள் நின்றுவிடும். கம்பியை எட்டிப் பிடிக்காத பாட்டி கண்டக்டர் மேல் போய் விழுவார். நின்று வருகிறவர்கள் தடுமாறாமல் நிற்க வேண்டுமென்றால் 50 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதனால் நிற்பதா வேண்டாமா என்பதை, விட்டு நிற்கும் 6 மீட்டரையும் சேர்த்து, கோட்டுக்குக் குறைந்தது 56 மீட்டர் முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். முதலில் வலது கண்ணாடி. பிறகு ஆக்ஸிலேட்டரை விடுவது. லேசாக இரண்டு தடவை பிரேக்கைத் தொட்டு பின்னால் இருப்பவருக்குச் சிவப்பு விளக்கைக் காட்டுவது (ஏர் பிரேக்கில் ஓயாமல் மிதித்தால் காற்று வீணாகும், இரண்டு தொடல் போதும்). 6 மீட்டர் விட்டு நிற்பது. மறுபடி வலது கண்ணாடி. கிளம்பும்போது கண்ணாடிக்குக் கீழே, பஸ்ஸின் முகத்தை ஒட்டி யாராவது குழந்தை நிற்கிறதா என்று எழுந்து பார்ப்பது. அந்த இடம் சீட்டில் உட்கார்ந்தபடி தெரியவே தெரியாது.

இவ்வளவும் கேட்ட பிறகு அந்த மூத்த ஓட்டுநர், "சரி சார், கோடு இருக்கிற இடத்துல இப்படி. கோடே இல்லாத இடத்துல சென்டர் மீடியன்ல ஒருத்தர் நிக்கிறார். நான் நிக்கணுமா, போகணுமா?" என்றார். ஏற்கனவே சாலையில் இறங்கிவிட்டவருக்குக் கட்டாயம் நில்லுங்கள், மீடியனில் காத்திருப்பவருக்கு வேகத்தை மட்டும் குறைத்துக் கடந்துவிடுங்கள் என்றேன். "நாம குறைச்சா அவங்க நமக்காகத்தான் குறைக்கிறான்னு இறங்கிடுவாங்களே" என்றார் உடனே.

அதற்கு அங்கே பதில் இல்லை. ஒரே சீரான வேகத்தில், பிரேக்கில் கால் தயாராக வைத்துக்கொண்டு போவது என்று பிறகு எனக்குத் தோன்றியது. அதுகூட மீடியனில் இருக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதைப் பொறுத்ததுதான். வெயிலில் நெடுநேரம் நின்றவர் ஒரு மாதிரி படிப்பார், பள்ளிப் பிள்ளைகள் வேறு மாதிரி. வகுப்புக் குறிப்பில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஷெட்யூல் போடுகிறவர்களையும் ஒரு நாள் இதே வகுப்பில் உட்கார வைக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.