கறுப்பும் மெஜந்தாவும் மட்டும் ஏன் கனத்தன?

ஆஃப்செட் அச்சில் புள்ளி இருக்க வேண்டிய அளவைவிடப் பருத்து விழுவதுதான் டாட் கெயின். அந்தப் பேச்சுக்கு வாயைத் திறந்தாலே "இங்க்கைக் குறை" என்கிறார்கள். குறைத்துப் பார்த்தோம். தலைப்பு எழுத்துகள் வெளிறின. படங்களின் நடுச்சாயல் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட பகுதி) மட்டும் முன்போலவே அடைத்துக்கொண்டு நின்றது. இப்படி நடந்தால் கோளாறு இங்க் அளவில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை ஒரு மணிவிழா மலர், 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பர். கானாடுகாத்தான் வீட்டின் முகப்பு, வளவு, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், பழைய குடும்பப் படங்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் நிழல் நிறைந்த படங்கள். புரூஃபுக்கு, அதாவது மாதிரி அச்சுக்கு, ஒப்புதல் தந்த ஆச்சி, அச்சான தாளைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "என்ன தம்பி, எங்கள் அப்பச்சி அடுப்புப் புகையில் நின்றவர் மாதிரி இருக்கிறார்களே?"

மெக்கானிக்கைப் போனில் பிடித்தோம். தாளைப் பார்க்காமலேயே "பிளேட்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப்போய், நிறத்துக்கு ஒன்றான நான்கு பிளேட்டுகளையும் (அச்சுத் தகடுகள்) புதிதாக எடுத்துவந்தோம். பிளேட்டில் புள்ளியை அளந்து காட்டுங்கள் என்றால், மீட்டர் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றார் அங்கிருந்தவர். பில் மட்டும் உடனே வந்தது. புதிய பிளேட்டிலும் அதே கறுப்பு, அதே கனம்.

பிறகுதான் ஓர் அச்சக நண்பரிடம் இங்க் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரை இரவல் வாங்கி, தாள் ஓரத்தில் அச்சாகும் நிறப்பட்டையான கலர் பாரை அளந்தேன். ஆர்ட் பேப்பரில் 50 சதவீதப் புள்ளி 68, 70 வரை விரிவது இயல்பு. சயான் என்ற நீலம் 69, மஞ்சள் 67. கறுப்போ 81, மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு 79! எங்களுடையது யூனிட்டுக்கு ஒரு நிறமாக இரண்டு யூனிட் உள்ள இரண்டு கலர் மெஷின். முதல் ஓட்டத்தில் கறுப்பும் சயானும், அடுத்ததில் மெஜந்தாவும் மஞ்சளும் போகும். கனத்த இரண்டுமே முதல் யூனிட்டில் அச்சானவை. பிளேட் பிழை என்றால் நான்கிலும் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

லென்ஸில் பார்த்தபோது புள்ளிகள் ஒரு பக்கமாக இழுபடவில்லை, இரட்டையாகவும் விழவில்லை. நாலாபுறமும் ஒரே சீராகப் பருத்திருந்தன. பிளேட்டிலிருந்து இங்க்கை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட் தளர்ந்திருந்தால் புள்ளி இழுபட்டோ இரட்டித்தோ இருக்கும். ஆகவே பிளாங்கெட் தளர்ச்சி இல்லை, பிரஷர்தான் என்று அப்போதே தோன்றியது. பிளாங்கெட்டைக் கழற்றி, அதையும், அதற்கு உயரம் கொடுக்க அடியில் வைத்திருந்த பேக்கிங் தாள்களையும் மைக்ரோமீட்டரில் அளந்தோம். சிலிண்டரில் பொறித்திருக்கும் கணக்கைவிட 0.1 மி.மீ. கூடுதல். இடையில் வேலைக்கு வந்துபோன மெஷின்மேன், தாள் கசங்கி உள்ளே போனதால் பிளாங்கெட்டில் விழுந்த பள்ளத்தைச் சரிக்கட்ட, முழு அகலத்துக்கும் ஒரு தாளைச் சொருகியிருக்கிறார். பள்ளத்துக்கு மருந்து, மற்ற இடமெல்லாம் நசுங்கல். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதிய பிளாங்கெட், கணக்குப்படி பேக்கிங். கறுப்பு 71க்கு இறங்கியது.

பள்ளம் விழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய தாளைக் கிழித்து ஒட்டுங்கள், இல்லையென்றால் பிளாங்கெட்டை மாற்றிவிடுங்கள். புதிய பிளாங்கெட் கொஞ்சம் ஓடியதும் தளரும். நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் ஊர் மே மாத மதியத்தில் இங்க் இளகி, புள்ளி தானாகவே கொஞ்சம் விரியும். அதனால் மெஷின் சூடேறிய பிறகு எடுத்த அளவைத்தான் நம்புகிறேன்.

மலரை ஆச்சி வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கிடம் விவரம் சொன்னேன். "பேக்கிங்கைப் பாருங்கள் என்று அன்றைக்கே சொன்னேனே" என்றார்.