எம்.எஸ். தேர்வில் அறுவை அறம்: எண்களை வார்டுக்கு எடுத்துச் சென்று படித்த அனுபவம்

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர், எல்லோருக்கும் சமமான அறுவை சிகிச்சை என்ற பகுதியைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, நான்கைந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வறைக்குள் போகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை, ஆண்டுக்கு 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் கூடுதலாகத் தேவை என்று லான்செட் மருத்துவ இதழ் உலக அறுவை சிகிச்சை பற்றி அமைத்த ஆணையம் 2015-இல் தன் அறிக்கையில் சொன்னதையெல்லாம் மாதிரித் தேர்வில் வரிசையாக எழுதிவைத்தேன். திருத்திய பேராசிரியர் எண்களின் கீழே கோடிட்டு, "இதில் அறுவை மருத்துவரின் கடமை எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு, ஒவ்வோர் எண்ணையும் எங்கள் வார்டில் இருக்கும் ஒரு நோயாளியோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கினேன். அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் பணம் கட்டியே ஆண்டுதோறும் 3.3 கோடிப் பேர் தாங்க முடியாத செலவில் சிக்குகிறார்கள் என்று சொல்லும் அதே அறிக்கை, பயணம், உணவு போன்ற மருத்துவம் சாராத செலவுகளால் அந்நிலைக்கு ஆளாகிறவர்கள் மேலும் 4.8 கோடிப் பேர் என்கிறது. இரண்டாவது எண் ஏன் பெரிதாக இருக்கிறது என்பது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் குடலிறக்கத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே மூட்டை தூக்கிய ஒருவர், ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் தனக்கும் கூட இருக்கும் மனைவிக்கும் போகிற கூலியை யார் தருவார்கள் என்று கேட்டபோதுதான் புரிந்தது. எந்த நாளில் சேர்ப்பது, எத்தனை முறை வரச் சொல்வது, பரிசோதனைகளை ஒரே நாளில் முடிக்க முடியுமா என்பவையும் அறம் சார்ந்த முடிவுகள் என்று விடையில் எழுத, அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஒப்புதல் பற்றிய பகுதியை நான் என் தவறிலிருந்து படித்தேன். முதலாம் ஆண்டில், காலை ரவுண்ட்ஸ் தொடங்குமுன் படிவங்களில் கைநாட்டு வாங்கியபடியே கட்டில் கட்டிலாக நகர்ந்துவிடுவேன். ஒருநாள் ஒரு முதியவர், விரலில் ஒட்டிய நீல மையைப் போர்வையில் துடைத்துக்கொண்டே, "எந்தப் பக்கம் தம்பி கிழிப்பீங்க?" என்று கேட்டார். படிவம் சட்டப்படி முழுமையாக இருந்தது. எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் 19 அம்சங்களில், நோயாளி யார், எந்த இடம், என்ன அறுவை, ஒப்புதல் உண்டா என்பதே முதலில் வருகிறது. புது தில்லி, சியாட்டில், தான்சானியாவின் இஃபாகாரா உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் ஒரே தாள்தான் என்பதைச் சமத்துவக் கேள்விக்கான விடையில் மறக்காமல் எழுதுங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னை உண்மையிலேயே சோதித்தது கொசுவலை. மகாராஷ்டிரத்தின் ஊரகப் பகுதியில் பணியாற்றிய டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர், குடலிறக்கம் திரும்பாமல் இருக்க வயிற்றுச் சுவரைப் பலப்படுத்த வைக்கும் விலை உயர்ந்த வலைக்குப் பதிலாகக் கிருமிநீக்கம் செய்த கொசுவலைத் துணியைக் குடலிறக்க அறுவையில் வைத்துக் காட்டியவர். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் குலுக்கல் முறையில் இரண்டு வலைகளையும் ஒப்பிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள்: ஓராண்டில் மலிவான வலை வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே குடலிறக்கம் திரும்பியது, மற்ற பிரிவில் யாருக்கும் இல்லை, சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நான் இதைச் சொல்லி முடித்ததும் வெளித் தேர்வாளர், "உங்கள் அப்பாவுக்கு இதே வலையை வைப்பீர்களா, டாக்டர்?" என்று கேட்டார். சோதித்து, கிருமிநீக்கம் செய்து, அது என்ன வலை என்று சொல்லி, அவர் சம்மதித்தால் வைப்பேன் என்றேன். அந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அப்பாவுக்கும் வைக்க மாட்டேன், வார்டில் இருப்பவருக்கும் வைக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். மலிவான பொருள் ஏழைக்கு இழைக்கும் அநீதி ஆகிவிடாது. சோதிக்காத பொருளை, வேறு வழியில்லாதவர் என்பதற்காக அவர் உடலில் வைப்பதுதான் அநீதி.

வெளிநாட்டுக் குழுக்கள் வந்து நடத்தும் அறுவை முகாம்களைப் பற்றிய கேள்விக்கு இரண்டு போதும்: பறந்து வந்து அறுத்துவிட்டுப் போகிற குழு, பத்தாம் நாள் தையல் பிரிந்தால் யார் பார்ப்பது என்பதை முதல் நாளே உள்ளூர் மருத்துவரோடு பேசி முடித்திருக்க வேண்டும்; தன் நாட்டில் செய்ய அனுமதியில்லாத அறுவையை அங்கே செய்யக் கூடாது. மொசாம்பிக் 1984 முதல் மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்கே அறுவைப் பயிற்சி அளித்து மாவட்ட மருத்துவமனைகளில் பணியில் அமர்த்தியதை, உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்குவதற்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்தால் விடை வலுப்பெறும்.

வயிற்றைத் திறக்கும் அவசர அறுவை, சிசேரியன், திறந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் 2 மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்ற லான்செட் ஆணையத்தின் இலக்கை, உங்கள் மாவட்ட வரைபடத்தை விரித்துவைத்துப் படியுங்கள். இரவு ஒரு மணிக்கு எந்த மருத்துவமனையில் மயக்க மருத்துவர் பணியில் இருக்கிறார், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று வார்டு செவிலியரிடமும் 108 ஓட்டுநரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அப்படிக் குறித்த ஒரு பக்கத்தைத்தான் தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்ப வாசித்தேன்.