கின்னிக் மைதானத்தில் மகளோடு ஒரு சனிக்கிழமை

சின்னப் பிள்ளையைக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று சிகாகோ பக்கத்துத் தமிழ் நண்பர்களிடம் கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். பந்தைக் கையில் பிடித்து முட்டிமோதி ஓடும் இந்த அமெரிக்க ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். உட்கார முதுகுச் சாய்வில்லாத பெஞ்சுதான். சத்தம் காதைக் கிழிக்கும். ஆட்டம் பெரியவர்களுக்கே பாதிதான் புரியும். இதெல்லாம் உண்மை. ஆனாலும் போகலாம் என்பது என் கட்சி. முதல் ஆட்டத்துக்கு எந்த ஊர் என்று கேட்டால், தயங்காமல் அயோவா சிட்டி என்பேன். அங்கே அயோவா பல்கலைக்கழக அணி ஆடும் கின்னிக் மைதானத்தில், முதல் கால்பகுதி முடிந்ததும் மைதானம் முழுக்கச் சேர்ந்து ஒரு காரியம் செய்கிறது. அதைப் பார்க்கவும் அதில் சேரவும்தான், 5 வயது மகளையும், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருந்த என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் கிளம்பினோம்.

ஆட்டம் காலை 11 மணிக்கு. அதனால் வெள்ளிக்கிழமை மதியமே நேப்பர்வில்லை விட்டுவிட்டோம். ஐ-88 சாலையில் டீகால்ப், டிக்சன் தாண்டினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான். பிறகு ஐ-80 பாலத்தில் மிசிசிப்பியைக் கடந்து லி கிளேர் அருகே அயோவா மாநிலத்துக்குள் நுழைந்தோம். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று மகள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். பாலம் வந்தபோது தூங்கிவிட்டாள். அப்பாதான் கண்ணாடிக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வால்காட் என்ற இடத்தில் 'அயோவா 80' என்று லாரிகளுக்கான பெரிய தங்குமிடம் இருக்கிறது. உலகத்திலேயே பெரியது என்று பலகை வைத்திருக்கிறார்கள். 1964 முதல் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் தாராளமாக நிற்கலாம்; கழிப்பறை சுத்தம், உள்ளேயே முழு லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மகளுக்கு அதை விட்டு வர மனமில்லை. அங்கிருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினோம். பங்கை ஒட்டியே மக்காச்சோளக் காடு. அப்பா ஓரமாகப் போய் நின்று, பழுக்க ஆரம்பித்திருந்த தாளை விரலால் உரசிப் பார்த்தார்.

"ஏம்மா, இத்தனை சோளத்தையும் யாரு திங்கறாங்க?"

மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம், மீதியில் பெரும்பங்கு எத்தனால் என்றேன். அமெரிக்காவில் மக்காச்சோளத்திலும் பன்றி வளர்ப்பிலும் அயோவாதான் முதலிடம். அவரும் மஞ்சளோடு மக்காச்சோளம் போடுகிறவர். அடுத்த அரை மணி நேரம் விதை, உரம், விலை என்று கேள்விகள். பலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு அயோவா சிட்டிக்குப் பக்கத்து ஊரான கோரல்வில்லில் தங்கினோம். படுக்கப் போகுமுன் மகளிடம் மறுநாள் என்ன நடக்கும் என்று சொன்னேன். எப்படிச் சொல்வது என்று அதற்கு முன் நிறைய யோசித்தேன். நம் வீடுகளில் ஆஸ்பத்திரிப் பேச்சைப் பிள்ளைகள் முன்னால் எடுக்கமாட்டோம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன்: மைதானத்துக்குப் பக்கத்தில் உயரமான ஆஸ்பத்திரி இருக்கு. உடம்பு சரியில்லாத பிள்ளைங்க ஜன்னல் வழியா ஆட்டம் பார்ப்பாங்க. நடுவுல எல்லாரும் எந்திரிச்சு அவங்களுக்குக் கை காட்டுவோம்.

"நான் கை காட்டறது அவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாரும் காட்டும்போது தெரியும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு கையும் காட்டறேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மெல்ரோஸ் அவென்யூ நிரம்பிவிட்டது. மைதானத்துக்குத் தெற்கே போகும் இந்தச் சாலையில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியையே காசுக்கு வண்டி நிறுத்தக் கொடுக்கிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் கறுப்பும் மஞ்சளும். அடுப்பில் சோளக்கதிர், பன்றி இறைச்சி, மனிதர் கை நீளத்துக்கு வான்கோழிக் கால். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பக்கத்து வண்டியில் வந்திருந்த வயதான தம்பதி மகளின் கன்னத்தில் அயோவா அணியின் சின்னமான ஹெர்க்கி என்ற பருந்தின் படத்தை ஒட்டிவிட்டார்கள். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு தட்டு எலுமிச்சைச் சாதம் போனது. அந்தப் பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு அதில் ஏகப்பட்ட மகிழ்ச்சி.

நடைபாதைக் கடையொன்றில் தொப்பி பார்க்கும்போது, வட்டத்துக்குள் ஏ.என்.எஃப். என்று மூன்று எழுத்துப் போட்ட தொப்பியை அப்பா எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த எழுத்துகளின் கதை எனக்குத் தெரியும். 1980-களில் இந்த மாநிலத்து விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். வட்டி ஏறியது, நிலத்தின் விலை சரிந்தது, தலைமுறையாக உழுத காடுகள் ஏலத்துக்குப் போயின. 1985-ல் அயோவா அணி நாடு முழுக்கப் பேசப்படும் அணியாக இருந்தது. அப்போதைய பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை, அமெரிக்காவுக்கு விவசாயிகள் தேவை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளை வீரர்களின் தலைக்கவசத்தில் ஒட்டச் செய்தார். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கிற எவர் கண்ணிலும் அது படட்டும் என்பதற்காக. இன்றைக்கும் அந்த ஒட்டி இருக்கிறது.

அப்பா கேட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கீழே வைக்கவும் இல்லை. எந்தக் கடையிலும் விலையைக் கேட்டதும் திரும்பிவிடுகிற மனிதர், அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். இப்போது கோபியில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதும் அதுதான்.

தெற்கு வாசலில் நைல் கின்னிக்கின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1939-ல் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனை வென்றவர். 1943-ல் கடற்படைப் பயிற்சியில் விமானம் விழுந்து இறந்தபோது வயது 24. மைதானம் 1929-ல் திறந்தது. அவர் பெயரை 1972-ல் வைத்தார்கள். சிலையைச் சுற்றிப் படமெடுக்கும் கூட்டம். மகளும் நின்றாள். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்கு இவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை அங்கே நின்ற சில நிமிடங்களில் பலமுறை கேட்டேன்.

உள்ளே போக, உள்ளிருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. மகளுக்குக் காதுமூடி வாங்கியிருந்தோம். 5 வயதுக் காதுக்கு இது கட்டாயம். மேற்குப் பக்கத்தில் நடைவழியை ஒட்டி இடம். முற்பகல் வெயில் நேரே முகத்தில் அடித்தது. எதிரே, கிழக்குப் பக்க இருக்கைகளுக்கு மேலே, கண்ணாடி ஜன்னல்களோடு ஆஸ்பத்திரி நிமிர்ந்து நின்றது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டெட் ஃபேமிலி குழந்தைகள் மருத்துவமனை. மகள் அதைக் கண்டுபிடித்ததும் ஆட்டத்தை மறந்துவிட்டு ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தாள்.

அணி உள்ளே வரும் விதம் அவளுக்குப் பிடித்தது. மற்ற அணிகள் கத்திக்கொண்டு ஓடிவரும். அயோவா வீரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, நெருக்கியடித்து, மெதுவாக நடந்து வருவார்கள். மலை மாதிரி உடம்பு அத்தனை பேருக்கும். "எங்க கிளாஸ்ல லைன்ல போற மாதிரியே வர்றாங்கம்மா!" என்று எழுந்து குதித்தாள்.

ஆட்டத்தை அப்பாவுக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு, கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி என்றேன். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அவரே மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

"கபடிதான் அம்மணி. அதுல தொட்டுப்போட்டுத் திரும்பி வரோணும். இங்க திரும்பவே வேண்டாம், முட்டிக்கிட்டே முன்னால போனாப் போதும்."

"பந்து எதுக்கு அப்புச்சி?"

"அது போற வண்டிக்கு லக்கேஜு."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மற்ற நேரமெல்லாம் பேண்டு வாத்தியமும், ஹெர்க்கி எந்தப் பக்கம் போகிறது என்பதும்தான். எதிரணிக்குக் கொடுக்கும் உடைமாற்று அறையில் சுவர் முதல் கழிப்பறைத் தொட்டி வரை எல்லாமே இளஞ்சிவப்பு என்று சொன்னேன். உளவியல் படித்த அதே ஹேடன் ஃப்ரை தொடங்கிவைத்த ஏற்பாடு. எதிரிகளின் மூர்க்கம் அடங்கும் என்ற நம்பிக்கை. "அப்ப நம்ம அந்த டீம்ல சேர்ந்துக்கலாம்" என்றாள்.

முதல் கால்பகுதியின் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது.

எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அமரும் மைதானம் அது. எழுந்து நின்ற அத்தனை பேரும் ஒரே திசைக்குத் திரும்பினார்கள். வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பினார்கள். எதிரணியும் திரும்பியது. நடுவர்கள், காவலர்கள், பேண்டுக்காரர்கள், குடிதண்ணீர் கொடுக்கிற பையன்கள் எல்லோரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். எங்களுக்குத் திரும்ப வேண்டியதில்லை, எதிரிலேயே இருந்தது. மகளைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சொன்னபடி இரண்டு கைகளையும் ஆட்டினாள். உச்சிக்குப் பக்கத்துத் தளத்தில் ஜன்னலோரம் சின்னச் சின்ன உருவங்கள் அசைவது தெரிந்தது. யாரோ ஒரு மஞ்சள் துணியை வீசினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பாக்கறாங்கம்மா! என்னையப் பாக்கறாங்க!"

பார்த்தார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன்.

ஒரு நிமிடம் போல இருக்கும். முடிந்ததும் தலைக்கவசங்களை மாட்டிக்கொண்டு முட்டுவதற்குத் தயாரானார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையை அழுத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறவராம். இன்றைக்கும் கண் நிறைகிறது என்றார்.

இந்த வழக்கம் ஒன்றும் நூற்றாண்டுப் பழமை கிடையாது. மருத்துவமனையின் புதுக் கட்டடம் 2017-ன் தொடக்கத்தில்தான் திறந்தது. 12-ஆம் தளத்தில் பிள்ளைகளும் குடும்பங்களும் உட்கார்ந்து மைதானத்தைப் பார்க்க ஓரிடம் வைத்தார்கள். அந்தக் கோடையில் ஒரு ரசிகை, எல்லோரும் எழுந்து அந்தப் பிள்ளைகளுக்குக் கை காட்டினால் என்ன என்று ஒரு முகநூல் பக்கத்தில் யோசனை சொன்னார். செப்டம்பர் 2-ஆம் தேதி வயோமிங் அணியோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே மைதானம் முழுவதும் செய்துவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. இரவு ஆட்டங்களில் கைபேசி விளக்கை ஏற்றி அசைப்பார்கள். மேலேயிருந்து பிள்ளைகளும் விளக்கடித்துப் பதில் சொல்வார்கள். 2009 முதல், அங்கே சிகிச்சை பெறும் ஒரு பிள்ளையை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குழந்தைத் தலைவராக அணி ஏற்றுக்கொள்வதும் உண்டு.

பிள்ளைகளை வெளியே அழைத்துப்போகும்போது அந்த நாள் முழுவதும் அவர்களுக்காகவே என்று நாம் ஏற்பாடு செய்கிறோம். ஐஸ்கிரீம், பொம்மை, சறுக்குமரம். அதில் தப்பில்லை. ஆனால் என் மகள் வாங்குகிறவளாக இல்லாமல், கொடுக்கிறவளாக ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் பிறகு ஆட்டத்தில் அவளுக்கு அக்கறையில்லை. கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

"அவங்க எப்ப வீட்டுக்குப் போவாங்க?"

"சில பேரு சீக்கிரம் போயிருவாங்க. சில பேருக்கு ரொம்ப நாளாகும்."

"அதுவரைக்கும் கை காட்டுவாங்களா?"

"இங்க ஆட்டம் நடக்கற நாளெல்லாம் காட்டுவாங்க."

"ஆட்டம் இல்லாத நாள்ல?"

அப்பாதான் பதில் சொன்னார். "டாக்டரு, நர்ஸு, அவங்க அம்மா எல்லாம் இருக்காங்கல்ல சாமி. அவங்க பாத்துக்குவாங்க." அவள் ஏற்றுக்கொண்டாளா தெரியாது; அதற்குமேல் கேட்கவில்லை.

இடைவேளையில் பேண்டு அணிவகுப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். 5 வயதுப் பிள்ளைக்கு அதுதான் அளவு. கோரல்வில்லில் கோரல் ரிட்ஜ் மாலுக்குள் குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கிறது. மதியம் முழுக்க அங்கே ஓடியாடினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. செப்டம்பர் ஆட்டங்களே பிள்ளைகளுக்கு ஏற்றவை. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் நெப்ராஸ்காவோடு நடக்கும் ஆட்டத்தின் குளிர் சின்ன உடம்புக்கு ஆகாது. கழிப்பறைக்கு இடைவேளைவரை காத்திராமல் இரண்டாம் கால்பகுதி நடக்கும்போதே போய்விடுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை முந்தின நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், தாங்கிக்கொள்வார்கள். டிக்கெட்டை மட்டும் மேற்குப் பக்கத்தில் எடுங்கள். வெயில் கண்ணைக் கூசவைக்கும்; தொப்பி வைத்துக்கொள்ளலாம்.