சம்மட்டி சுழற்ற ஒரு மௌஸ்

இரண்டு நாளாக இரவு ஹாமர்ஃபைட் விளையாடுகிறேன். 2009இல் வந்த கேம், கொன்ஸ்டன்டின் கொஷுட்டின் என்ற ரஷ்யர் செய்தது, 2011இல் பல கேம்களைச் சேர்த்து விற்ற ஹம்பிள் இண்டி பண்டில் 3 என்ற தொகுப்பிலும் இருந்தது. இவ்வளவு காலம் என் கண்ணில் படவில்லையே என்று மனம் கேட்கவில்லை.

இதில் சம்மட்டியால் அடிக்கத் தனி பட்டன் கிடையாது. எங்கள் பறக்கும் இயந்திரம் மௌஸ் போகும் பக்கம் போகும், அதில் மாட்டியிருக்கும் சம்மட்டியோ வாளோ பின்னால் இழுபட்டு வரும், மௌஸை வட்டமாகச் சுழற்றினால்தான் ஆயுதம் வேகம் பிடிக்கும், அந்த வேகம்தான் அடி. மெதுவாகப் பட்டால் எதிரிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

முதல் நாள் பதற்றத்தில் கையை வெட்டி வெட்டி இழுத்தேன், சரி வரவில்லை. அப்புறம்தான் உட்துறைமுகப் பக்கம் வீச்சுவலை எறிகிற ஐயா நினைவுக்கு வந்தார். அவர் கை பலத்தில் எறிவதில்லை. இடுப்பைத் திருப்பி, வலையின் பாரத்தைப் பின்னால் போகவிட்டு, அது திரும்பி வரும் இழுப்பிலேயே விடுவார், வலை வட்டமாக விரிந்து விழும். அதே மாதிரி பாரம் திரும்பும்வரை பொறுத்து மௌஸை எதிர்ப்பக்கம் இழுத்தேன், ஒரே அடி, எதிரியின் இயந்திரம் சுவரில் போய் மோதியது. அந்தக் கனம் என் மணிக்கட்டிலேயே தெரிந்தது, சத்தியமாக!

டச்பேடில் முயல வேண்டாம், மேசையில் ஒரு முழம் இடம் வேண்டும். இன்னொரு மௌஸைச் செருகினால் ஒரே கணினியில் இரண்டு பேர் மோதலாம். மச்சான்மார், சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மௌஸையும் கொண்டு வாருங்கள்.